காரை வீட்டில் விட்டுவிட்டுக் கொச்சி: எல்லைப் பக்கத்துக் குடும்பங்களுக்கு மூன்று நாள் வழிகாட்டி

தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கமெல்லாம் கொச்சி டூர் என்றால் ஒரே மாதிரிதான். விடியற்காலை நாலு மணிக்கு டெம்போ டிராவலர் வாசலில் வந்து நிற்கும். குருவாயூரில் சாமி கும்பிட்டு, வழியில் எங்காவது சாப்பிட்டு, மதியத்துக்கு மேல் கொச்சிக்குள் நுழைந்து, சீன வலை முன்னால் வரிசையாக நின்று போட்டோ எடுத்து, லுலு மாலில் இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டு, நடுராத்திரி வீடு வந்து சேர்வார்கள். கணக்குப் பார்த்தால் ஊரைப் பார்த்த நேரத்தைவிட இடப்பள்ளி சிக்னலில் நின்ற நேரம் கூடுதலாக இருக்கும்.

கொச்சியில் பார்க்க வேண்டியதில் பாதி தண்ணீர் மேல் இருக்கிறது. காருக்குள் உட்கார்ந்திருப்பவர் கண்ணில் அது படவே படாது. ரயில், மெட்ரோ, படகு, அப்புறம் கொஞ்சம் நடை என்று போனால் போக்குவரத்தே பாதி டூர் ஆகிவிடும், செலவும் குறையும். நாலைந்து பேர் உள்ள குடும்பம், கூட ஒரு அம்மாயியோ அப்புச்சியோ, அதாவது பாட்டியோ தாத்தாவோ, வருகிறார்கள், மூன்று பகல் இரண்டு இரவு என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் கிழமையைப் பாருங்கள்

டிக்கெட் போடும் முன்பே செய்ய வேண்டியது இது. மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. பக்கத்திலேயே இருக்கும் யூதர்களின் ஜெபாலயம் சனிக்கிழமை திறக்காது, யூதர் பண்டிகை நாட்களிலும் திறக்காது. திருப்பூணித்துறை ஹில் பேலஸுக்குத் திங்கட்கிழமை லீவு. நம் ஆட்கள் பெரும்பாலும் வெள்ளி கிளம்பி ஞாயிறு திரும்புவதால், இந்த மூன்றில் ஒன்றிலாவது பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். செவ்வாய் போய் வியாழன் திரும்புவதுதான் எல்லாவற்றுக்கும் தோதான ஏற்பாடு. லீவு கிடைக்காமல் வார இறுதியில்தான் போக முடியும் என்றால் மட்டாஞ்சேரியை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அன்று மெட்ரோ காலையில் தாமதமாகத்தான் ஓடத் தொடங்கும், பிராட்வே கடைகளும் பாதிக்கு மேல் மூடியிருக்கும்.

மாதம் என்று கேட்டால் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. ஏப்ரல், மே வேண்டாம். நம் பக்கத்து வெயிலுக்குப் பழகிய உடம்புதானே என்று நினைக்கலாம். பாலக்காட்டு வெயில் காய்ந்த வெயில். கணவாய்க் காற்று வேர்வையைக் காயவைத்துவிடும். கொச்சியில் காயாது. பத்து மணிக்கே சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. அக்டோபர், நவம்பரில் பகல் தெளிவாக இருந்து மதியத்துக்கு மேல் இடி இடிக்கும், ஆகவே படகு வேலையைக் காலையிலேயே முடித்துக்கொள்ள வேண்டும்.

டிசம்பர் 31ஆம் தேதி ராத்திரி ஃபோர்ட் கொச்சியில் பாப்பாஞ்சி என்ற பெரிய பொம்மையை எரித்துப் புது வருடத்தை வரவேற்பார்கள். பார்க்க வேண்டிய கூத்துதான், ஆனால் வயதானவர்களையும் சின்னக் குழந்தைகளையும் அந்தக் கூட்டத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். திரும்பி வருவதற்கு வண்டி கிடைப்பதற்குள் விடிந்துவிடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை டிசம்பரில் தொடங்கும் கொச்சி பினாலே கலைக்காட்சி 2012 முதல் நடக்கிறது. அது நடக்கும் சமயம் போனால் பழைய கிடங்குகளுக்குள்ளும் நுழைந்து பார்க்கலாம், மற்ற நாட்களில் அவை பூட்டித்தான் கிடக்கும்.

போகும் வழி

ஒலவக்கோட்டிலிருந்து, அதாவது பாலக்காடு ஜங்ஷனிலிருந்து, எர்ணாகுளத்துக்கு ரயில்கள் நிறைய. ஏறக்குறைய மூன்று மணி நேரம். காலை வண்டியில் இடப்பக்க ஜன்னலைப் பிடித்துவிடுங்கள். பறளி தாண்டியதும் பாரதப்புழை கூடவே வரும். கோடையில் மணலும் புதருமாகக் கிடக்கும், மழைக்காலத்தில் பார்த்தால் அதே ஆறா என்று தோன்றும்.

எர்ணாகுளத்தில் இரண்டு ஸ்டேஷன்கள் இருக்கின்றன. எர்ணாகுளம் ஜங்ஷனை எல்லாரும் சவுத் என்பார்கள், எர்ணாகுளம் டவுனை நார்த் என்பார்கள். உங்கள் ரயில் எதில் நிற்கிறது என்று டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். சில வண்டிகள் சவுத்துக்குப் போகாமல் நார்த்தோடு கோட்டயம் பக்கம் திரும்பிவிடும். சவுத்தில் இறங்கினால் எர்ணாகுளம் சவுத் மெட்ரோ நிலையம் நடை தூரம். நார்த்தில் இறங்கினால் டவுன் ஹால் மெட்ரோ நிலையம் பக்கம். எதில் இறங்கினாலும் பயப்பட ஒன்றுமில்லை.

பஸ்ஸில் போகிறவர்களுக்கு, திருச்சூர் வழியில் 2021இல் குதிரான் சுரங்கம் திறந்த பிறகு பழைய மலையேற்ற அவஸ்தை இல்லை. கடைசி ஸ்டாண்டு வரை போக வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆலுவாவில் இறங்கினால் மெட்ரோ அங்கிருந்தே தொடங்குகிறது. வைட்டிலா ஹப்புக்குப் போகும் பஸ் கிடைத்தால் இன்னும் வசதி. பஸ், மெட்ரோ, வாட்டர் மெட்ரோ மூன்றும் ஒரே வளாகத்தில். கார் எடுத்துத்தான் தீருவேன் என்கிறவர்கள் ஆலுவா மெட்ரோ நிலைய பார்க்கிங்கில் போட்டுவிட்டு மெட்ரோ ஏறுங்கள். நகரத்துக்குள் காரை நிறுத்த இடம் தேடும் நேரத்தில் ஒருமுறை படகில் போய் வந்துவிடலாம்.

தங்குவது எங்கே

குடும்பமாகப் போனால் எர்ணாகுளம் சவுத் முதல் எம்.ஜி. ரோடு வரை உள்ள பகுதி. ஸ்டேஷன் பக்கம், மெட்ரோ பக்கம், சைவ ஹோட்டலும் உண்டு, ராத்திரி மருந்துக்கடை தேட வேண்டாம். ஃபோர்ட் கொச்சியில் பழைய வீடுகளை ஹோம் ஸ்டேயாக மாற்றியிருக்கிறார்கள். மரத் தளமும் பெரிய ஜன்னலுமாக அழகாக இருக்கும். கல்யாணம் ஆன புதிதில் இரண்டு பேர் மட்டும் போனால் அங்கே தங்குங்கள். முட்டிவலி உள்ள பெரியவர்களை அந்த மரப்படிகளில் தினம் நாலு தரம் ஏற்றி இறக்குவது பாவம்.

வண்டிகள்: எதை எப்போது

மெட்ரோவை 2017 ஜூன் 17 அன்று திறந்தார்கள். 2024 மார்ச்சில் திருப்பூணித்துறை வரை நீண்டது. இப்போது ஆலுவாவிலிருந்து 25 நிலையங்கள், ஒரே பாதை, வழி தவற வாய்ப்பே இல்லை. குறைந்தது 10 ரூபாய், கூடியது 60 ரூபாய். வாட்சாப்பிலேயே டிக்கெட் எடுக்கலாம்.

வாட்டர் மெட்ரோதான் விசேஷம். 2023 ஏப்ரலில் தொடங்கியது. பேட்டரியில் ஓடும் படகுகள், கொச்சி கப்பல் கட்டும் தளத்திலேயே கட்டியவை, ஒன்றில் 100 பேர் போகலாம், அதில் பாதிப் பேருக்கு உட்கார இடம். டீசல் நாற்றம் கிடையாது, ஏசி உண்டு, பெரிய கண்ணாடி ஜன்னல். கரையில் இருக்கும் மேடை மிதவை என்பதால் தண்ணீர் ஏறினாலும் இறங்கினாலும் படகின் தளமும் மேடையும் ஒரே மட்டத்தில் நிற்கும். அம்மாயி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாவ வேண்டியதில்லை, சக்கர நாற்காலி நேராக உள்ளே போகும். நுழைவாயிலில் ஆளை எண்ணித்தான் விடுவார்கள். நூறு ஆனதும் கதவு மூடிவிடும், கெஞ்சினாலும் நடக்காது. ஆகவே ஐந்து பேர் போனால் ஐந்து பேரும் சேர்ந்தே வரிசையில் நில்லுங்கள். ஒருவர் ஐஸ்கிரீம் வாங்கப் போனால் அவர் அடுத்த படகில்தான் வருவார்.

கட்டணம் 20 முதல் 40 ரூபாய். ஹைகோர்ட் முனையத்திலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு 40 ரூபாய், இருபது நிமிடம். 2025இல் மட்டாஞ்சேரியிலும் வில்லிங்டன் தீவிலும் முனையங்கள் திறந்துவிட்டார்கள். ஹைகோர்ட் முனையம் எந்த மெட்ரோ நிலையத்தையும் ஒட்டியில்லை என்பது ஒரு குறை. எம்.ஜி. ரோடு பக்கத்திலிருந்து ஹைகோர்ட்டுக்குச் சின்ன எலெக்ட்ரிக் பஸ் சுற்றிக்கொண்டிருக்கும், இல்லையென்றால் ஆட்டோ. ஹைகோர்ட்டிலிருந்து சவுத் சித்தூர் என்று ஒரு படகு போகும். போர்டைப் பார்த்து நம் பாலக்காட்டுச் சித்தூர்க்காரர்கள் சிரிப்பார்கள். அது கொச்சியிலேயே இருக்கும் வேறொரு சித்தூர்.

ஒருமுறை வாட்டர் மெட்ரோவில் போனால் திரும்பும்போது பழைய போட்டில் வாருங்கள். கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறை நடத்துவது, சுபாஷ் பார்க் பக்கத்து எர்ணாகுளம் ஜெட்டியிலிருந்து ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி எல்லாம் போகும், டிக்கெட் பத்து ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஏசி இல்லை, உப்புக் காற்று நேராக முகத்தில் அடிக்கும். படகு ஜெட்டியை நெருங்கும்போது கவனியுங்கள். சுக்கான் பிடிப்பவர் மேலே நிற்க, இஞ்சின்காரர் கீழே இருப்பார். இருவருக்கும் நடுவில் பேச்சு கிடையாது, மணிதான். மேலேயிருந்து கயிற்றை இழுத்தால் கீழே மணி அடிக்கும், இஞ்சின் சத்தம் தணியும், மறுபடி அடித்தால் பின்னோக்கி உறுமும். ஒருவர் கயிறோடு கரைக்குத் தாவித் தூணில் சுற்றுவார். அவர் கட்டி முடிக்கும் வரை எழுந்திருக்காதீர்கள்.

ஃபோர்ட் கொச்சிக்குப் போகும்போது இடப்பக்கம் தெரிவது வில்லிங்டன் தீவு. ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1920களில் துறைமுகத்தை ஆழப்படுத்த மண்ணை அள்ளினார், அந்த மண்ணைக் கொட்டியே உருவாக்கிய தீவு அது. வலப்பக்கம் போல்காட்டி, 1744இல் டச்சுக்காரர்கள் கட்டிய மாளிகை மரங்களுக்குள் இருக்கிறது. அதைத் தாண்டி வல்லார்பாடம் கன்டெய்னர் முனையத்தின் ராட்சதக் கிரேன்கள். முகத்துவாரத்தை நெருங்கும்போது குழந்தைகளைத் தண்ணீரையே பார்க்கச் சொல்லுங்கள், அங்கே டால்பின் எழுந்து முங்குவது உண்டு.

மற்றவை சுருக்கமாக. ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் நடுவில் ஆள், பைக், கார், லாரி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ரோ-ரோ ஓடுகிறது, சில நிமிடப் பயணம்தான், கட்டாயம் ஒருமுறை ஏறுங்கள். தனியார் டவுன் பஸ்களில் போர்டு மலையாளத்தில்தான் இருக்கும். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர்களுக்குப் படிக்க வராவிட்டால் கண்டக்டரைக் கேட்டுவிட்டு ஏறுங்கள், தமிழில் கேட்டாலே போதும். பஸ் முழுதாக நிற்கும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். ஆட்டோவில் ஏறும் முன் 'சேட்டா, எத்ரயாகும்?' என்று கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள்.

முதல் நாள்: சும்மா இருங்கள்

மதியத்துக்குள் போய்ச் சேர்ந்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போடுங்கள். மாலை எர்ணாகுளத்தப்பன் கோவில், அப்புறம் சுபாஷ் பார்க், அங்கிருந்து மரைன் டிரைவ் வழியாக நடை. சூரியன் தண்ணீருக்கு அந்தப் பக்கம் இறங்கும். ஆண்கள் ஒரு வேட்டி எடுத்துப் போங்கள், பல கோவில்களில் சட்டையைக் கழற்றச் சொல்வார்கள். இதற்கு மேல் முதல் நாளில் எதையும் திணிக்காதீர்கள்.

இரண்டாம் நாள்: ஃபோர்ட் கொச்சியும் மட்டாஞ்சேரியும்

காலை முதல் படகுகளில் ஒன்றைப் பிடியுங்கள். எட்டு மணிக்கு ஃபோர்ட் கொச்சியில் இருந்தால் கூட்டமும் இல்லை, வெயிலும் இல்லை.

சீன வலைகளை நம் டெம்போக் கூட்டம் மாலையில்தான் பார்க்கும். காலையில் பார்த்தால்தான் வேலை நடக்கும். ஒவ்வொரு வலைக்கும் நாலைந்து பேர். பெரிய மரச் சட்டத்தின் ஒரு முனையில் வலை, மறு முனையில் கயிறு கயிறாகத் தொங்கும் பாறாங்கற்கள். அந்தக் கற்களின் எடைதான் தண்ணீர் குடித்த வலையைத் தூக்க உதவுகிறது. வலை எழ எழக் கற்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையில் வந்து உட்காரும். ஏற்றம் இறைத்த வீட்டுப் பெரியவர்களுக்குப் பார்த்த உடனே சூட்சுமம் புரிந்துவிடும். மீனவர்கள் கூப்பிட்டுக் கயிறு இழுக்கச் சொல்வார்கள். இழுத்தால் ஐம்பதோ நூறோ கொடுக்க வேண்டும், அது தெரிந்தே இழுங்கள்.

அடுத்து புனித பிரான்சிஸ் தேவாலயம். 1503இல் போர்ச்சுக்கீசியர் எழுப்பியது. வாஸ்கோ ட காமா 1524இல் கொச்சியில்தான் இறந்தார், இங்கேதான் புதைத்தார்கள். 1539இல் எலும்புகளை லிஸ்பனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், கல்லறை இருந்த இடம் மட்டும் இருக்கிறது. தலையைத் தூக்கிப் பாருங்கள். மின்விசிறி வருவதற்கு முந்திய காலத்தில் வெளியே ஆள் உட்கார்ந்து கயிறு இழுத்து ஆட்டிய துணி விசிறிகள் வரிசையாகத் தொங்கும். பக்கத்தில் சாந்தா குரூஸ் பேராலயம், உள்ளே கூரை ஓவியங்கள்.

இனி, எந்த டெம்போவும் நிற்காத ஒரு இடம். ஃபோர்ட் கொச்சியில் 'வெளி' என்ற பகுதியில் இருக்கும் தோபி கானா, அதாவது சலவைக்கூடம். டச்சுக்காரர்கள் தங்கள் படைவீரர்களின் துணி வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து வண்ணார் குடும்பங்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். அவர்களின் வாரிசுகள் இன்றும் அங்கே துவைக்கிறார்கள், தங்களுக்குள் தமிழ் பேசுகிறார்கள். இப்போதுள்ள கட்டடம் 1976இல் கட்டியது. தனித்தனித் தொட்டி, தனித்தனிக் கல். பின்னால் திறந்த வெளியில் கொடிகள். அந்தக் கொடியைக் கிட்டே போய்ப் பாருங்கள். ஒற்றைக் கயிறாக இல்லாமல் முறுக்கிய கயிறாக இருக்கும். துணியின் முனையை அந்த முறுக்குக்குள் செருகிவிடுவார்கள். கிளிப் ஒன்றுகூடக் கிடையாது, கடல் காற்று எப்படி அடித்தாலும் வேட்டி பறக்காது. சாதம் வடித்த கஞ்சியில் முக்கிய பருத்திச் சேலைகளைப் பழைய கனத்த கரிப்பெட்டியால் தேய்க்கிறார்கள், உள்ளே தேங்காய்த் தொட்டிக் கரி. அங்கே போய்த் தெரியாத மலையாளத்தில் தடுமாற வேண்டாம். "அண்ணா, உள்ள வந்து பாக்கலாமுங்களா?" என்று நம் பேச்சிலேயே கேளுங்கள். போட்டோவுக்கும் கேட்டுவிட்டு எடுங்கள், அவர்கள் வேலை செய்கிற இடம் அது.

அங்கிருந்து மட்டாஞ்சேரிக்கு ஆட்டோ. கால் தெம்பு உள்ளவர்கள் பஜார் ரோடு வழியாக நடக்கலாம். சுக்கு, மிளகு, அரிசி மண்டிகளின் வாசனை மாறி மாறி வரும். மட்டாஞ்சேரி அரண்மனையைப் போர்ச்சுக்கீசியர் 1555 வாக்கில் கட்டிக் கொச்சி ராஜாவுக்குக் கொடுத்தார்கள். டச்சுக்காரர் பிறகு செப்பனிட்டதால் பெயர் மட்டும் டச்சு அரண்மனை என்று ஆகிவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணக் கட்டடம்தான். உள்ளே பள்ளியறைச் சுவர் முழுக்க ராமாயண ஓவியம். நாலு பேர் நிற்கிற இடத்தில் கதையை ஆரம்பத்திலிருந்து அடையாளம் காட்டிச் சொல்ல வீட்டில் ஒரு பாட்டி இருந்தால் கைடு தேவையில்லை.

ஜெபாலயம் 1568இல் கட்டியது. தரையில் நீலமும் வெள்ளையுமாகச் சீனத்து ஓடுகள், கையால் வரைந்தவை, ஒன்றைப் போல் ஒன்று இருக்காது. செருப்பைக் கழற்ற வேண்டும், தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். அந்தத் தெருவின் பழம்பொருள் கடைகளில் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. சொல்லும் விலையில் பாதிக்குக் கேட்கத் துணிச்சல் இல்லாதவர்கள் உள்ளே போகவே வேண்டாம்.

மாலை தெம்பு இருந்தால் ஃபோர்ட் கொச்சியில் கதகளி. ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் முன்பே போய் ஒப்பனையைப் பாருங்கள். ஆட்டத்தின் நடுவில் தூங்கிவிடும் குழந்தைகள்கூட முகத்தில் பச்சை ஏறுவதைக் கண்கொட்டாமல் பார்க்கும். ஆனால் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று முதலில் கேட்டுக்கொண்டு உட்காருங்கள்.

சாப்பாடு

நம் ஆட்களுக்குக் கொச்சியில் வரும் முதல் சண்டை சாம்பாரோடுதான். தமிழ்நாட்டு ருசியைத் தேடிப் போனால் மூன்று நாளும் முகம் சுளித்துக்கொண்டே இருக்க வேண்டும். காலையில் இட்லியை விட்டுவிட்டு புட்டும் கடலையும், இல்லையென்றால் ஆப்பமும் ஸ்டூவும் சாப்பிடுங்கள். இந்தியன் காபி ஹவுஸுக்கு ஒருமுறை போகலாம். தொழிலாளர்களே கூட்டுறவாக நடத்துவது, பரிமாறுபவர்கள் விசிறித் தலைப்பாகையோடு வருவார்கள். மசால் தோசையைப் பிரித்தால் உள்ளே பீட்ரூட் போட்டுச் சிவப்பாக இருக்கும். வேறு எதற்காகவும் இல்லை, அவர்கள் வழக்கம் அது. கட்லெட்டும் அப்படித்தான்.

மதியம் ஊண். மட்டை அரிசி நம் பாலக்காட்டுச் சரக்குதான், ஆனால் நம் வீடுகளிலேயே பாதிப் பேர் அதை விட்டுவிட்டதால் கொஞ்சமாக வாங்குங்கள், வயிறு சீக்கிரம் நிறையும். வெள்ளைச் சோறும் பல இடங்களில் கிடைக்கும். தோரன், புளிசேரி, பருப்பு, மீன் சாறு எல்லாம் ஊணோடு சேர்ந்தது. அப்புறம் ஒருவர் வறுத்த மீன் தட்டை மேசை மேசையாகக் காட்டிக்கொண்டு வருவார். அது இலவசம் இல்லை. விரலை நீட்டினால் பில்லில் ஏறிவிடும். கேட்டுவிட்டு நீட்டுங்கள். டம்ளரில் இளஞ்சிவப்பாகத் தண்ணீர் வந்தால் பயப்படாதீர்கள், பதிமுகம் என்ற மரத்தின் சீவல் போட்டுக் கொதிக்க வைத்தது.

கொச்சியின் மீன் கரிமீன். மசாலா தடவி வாழையிலையில் சுருட்டிக் கல்லில் வாட்டிய பொள்ளிச்சது வாங்குங்கள். விலை மீனின் அளவைப் பொறுத்தது, மெனுவில் 'சைஸ் படி' என்று மட்டும் போட்டிருப்பார்கள். மீனைக் கண்ணால் பார்த்து, ரூபாயைக் காதால் கேட்டு, அப்புறம் சரி சொல்லுங்கள். சீன வலைக்குப் பக்கத்துக் கடைகளில் மீன் வாங்கிக் கொடுத்தால் பக்கத்திலேயே சமைத்துத் தருவார்கள். மீன் விலை வேறு, சமையல் கூலி வேறு. இரண்டையும் முன்னாலேயே பேசாவிட்டால் சாப்பாடு இனிக்காது. ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை கேரளத்தில் விசைப்படகு மீன்பிடிக்குத் தடை. அந்த 52 நாளில் இறால், கணவாய் விலை ஏறிவிடும். காயலில், அதாவது உப்பங்கழியில், கிடைக்கும் கரிமீனுக்கு அந்தக் கவலை இல்லை.

மட்டாஞ்சேரியில் மதியம் இருந்தால் பிரியாணி. காயீஸ் என்று எல்லாரும் சொல்லும் ரஹ்மத்துல்லா ஹோட்டல் பேர் போனது. நம் திண்டுக்கல் பிரியாணியின் காரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். சின்ன அரிசி, அடக்கமான மசாலா, நெய் மணம். தாமதமானால் தீர்ந்துவிடும். சைவக்காரர்களுக்கும் அதே மட்டாஞ்சேரியில் வழி உண்டு. தலைமுறைகளாக அங்கே வாழும் குஜராத்திகளின் தெருவில் தோக்ளாவும் இனிப்பும் கிடைக்கும்.

ஷாப்பு சாப்பாடு, அதாவது கள்ளுக்கடைச் சாப்பாடு. குடும்பத்தோடு உட்காரத் தனி அறை உள்ள ஷாப்புகள் கொச்சியைச் சுற்றி இருக்கின்றன. குடிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கப்பையும் (மரவள்ளிக் கிழங்கு) குடம்புளி போட்ட சிவப்பு மீன் கறியும் போதும், தாராவு (வாத்து) ரோஸ்ட் கிடைத்தால் இன்னும் நல்லது. குடிக்கிறவர்களுக்கு ஒரு தகவல்: அங்கே ஊற்றுகிற கள் நம் சித்தூர் தாலுகாத் தென்னையிலிருந்து வண்டியேறி வந்ததாக இருக்கலாம். எர்ணாகுளம் உட்படப் பல மாவட்டங்களுக்கு நம் பக்கத்திலிருந்துதான் போகிறது. இங்கே மரத்தடியில் கிடைப்பதை நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளிப் போய்க் குடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

அசைவக் கடைகளில் மாட்டிறைச்சி சர்வசாதாரணம். சாப்பிடாதவர்கள் உட்கார்ந்ததும் சொல்லிவிடுங்கள். பொறோட்டாவுக்கு ஊற்றும் சாறு எதனுடையது என்றும் கேளுங்கள், தட்டில் ஊற்றிய பிறகு கேட்டுப் பயனில்லை. மாலையில் பழம்பொரியும் (நேந்திரம்பழ பஜ்ஜி) சாயாவும். வெயில் தாங்காவிட்டால் குலுக்கி சர்பத், ஆனால் ஐஸ் போட்டது என்பதால் தொண்டை சரியில்லாத குழந்தைக்கு வேண்டாம்.

மூன்றாம் நாள்: இரண்டில் ஒன்று

பெரியவர்கள் கையில் ஓட்டு இருந்தால் திருப்பூணித்துறை. மெட்ரோவின் கடைசி நிலையம், அங்கிருந்து ஆட்டோவில் ஹில் பேலஸ். 1865இல் கொச்சி ராஜ குடும்பம் கட்டியது. 54 ஏக்கரில் 49 கட்டடங்கள், இப்போது அருங்காட்சியகம். கிரீடம், பல்லக்கு, ஆயுதங்கள், வெளியே மான்கள். காலைக் குளிர்ச்சியிலேயே போய்விடுங்கள், படி நிறைய. அங்கிருந்து சோட்டானிக்கரை பகவதி கோவில் கிட்டத்தில்தான். மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதற்குள் போக வேண்டும். ராத்திரி அங்கேயே கீழ்க்காவு என்ற கோவிலில் நடக்கும் குருதி பூஜை பார்க்க விரும்பினால் அன்று ஊர் திரும்பும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

குழந்தைகள் கையில் ஓட்டு இருந்தால் செராய் கடற்கரை. ஃபோர்ட் கொச்சியிலிருந்து ரோ-ரோவில் வைப்பின் இறங்கி பஸ், அல்லது ஹைகோர்ட் ஜங்ஷனிலிருந்து நேராக பஸ். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் காயல், நடுவில் ஒடுங்கிய ரோடு. மழைக்காலத்தில் கடலில் இறக்காதீர்கள், இழுப்பு பலமாக இருக்கும். இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று யாராவது கணக்குப் போட்டுச் சொன்னால் அவரைத் தனியாக அனுப்பிவையுங்கள்.

பணமும் திரும்புதலும்

நான்கு பேருக்கு ஒரு நாளைக்கு மெட்ரோ, படகு, ஒன்றிரண்டு ஆட்டோ எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாயைத் தாண்டாது. அறைக்கும் சாப்பாட்டுக்கும்தான் பணம் போகும். பழைய போட்டுக்கும் டவுன் பஸ்ஸுக்கும் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினால் முறைப்பார்கள்.

வாங்குவதை எல்லாம் கடைசி மதியத்துக்கு வையுங்கள். பிராட்வேயில் துணி, பாத்திரம், பக்கத்து மார்க்கெட்டில் கருவாடு. நேந்திரன் சிப்ஸ் கண்ணெதிரே வறுத்தால் மட்டும் வாங்குங்கள், நமக்கு அது ஒலவக்கோட்டிலும் கிடைக்கும். கருவாட்டை மூன்று கவர் போட்டுக் கட்டச் சொல்லுங்கள், ரயிலில் பக்கத்து சீட்டுக்காரர் மூன்று மணி நேரம் முறைக்காமல் இருப்பார். அறையைக் காலி செய்த பிறகு பைகளைச் சவுத் ஸ்டேஷன் பொருள் காப்பறையில் டிக்கெட்டைக் காட்டி வைத்துவிட்டுச் சுற்றலாம்.

திரும்பும் ரயில் சவுத்தா நார்த்தா என்று மறுபடி பாருங்கள். வந்தது சவுத் என்பதால் போவதும் சவுத்தாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. சந்தேகமாக இருந்தால் முக்கால் மணி நேரம் முன்பே கிளம்புங்கள், இரண்டுக்கும் நடுவில் மெட்ரோவில் மூன்று நிலையம்தான். ராத்திரி ஒலவக்கோட்டில் இறங்கினால் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பஸ் குறைந்திருக்கும். ரயில் திருச்சூர் தாண்டும்போதே வீட்டுக்கு போன் போட்டு, யாரையாவது வண்டியோடு வந்து நிற்கச் சொல்லிவிடுங்கள்.